அந்தச் சனத்தைக் கேட்டவையோ?

"பெருநிலப்பரப்பு முதலில் விடுதலை அடைந்தது. தீவு அதற்குப் பிறகு. அதற்கும் பிறகுதான் இணைப்பு."

முள்ளியவளையில் வீதியோரமாக இருந்த, பிள்ளைகள் காசு கட்டிப் படிக்கிற ஒரு ரியூட்டரியில் சிவரூபி ரீச்சர் இந்த வசனங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லவில்லை. பிள்ளைகள் எழுத வசதியாக, நிறுத்தி, உரத்து, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னாள். ரியூட்டரி என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, இடுப்பளவு சுவர், அதற்கு மேலே வெறும் காற்று. உள்ளே ஒரு பிள்ளை தும்மினால் வீதியில் போகிறவன் 'நூறு' என்பான்.

அவள் சொன்னது ஆபிரிக்காவின் கதை. உயர்தர வகுப்புக்கு வரலாறு. பாடம், குடியேற்ற நாடுகளின் விடுதலை. தங்கனீக்கா என்றொரு பெருநிலம். அதற்கு எதிரே கடலுக்குள் சன்சிபார் என்றொரு தீவு, கராம்பு விளைகிற தீவு. வெள்ளைக்காரன் இரண்டையும் வெவ்வேறாக ஆண்டான், வெவ்வேறாகவே விட்டுவிட்டுப் போனான். அவன் போன கையோடு இரண்டையும் சேர்த்துத் தன்சானியா என்று ஒரே நாடாக்கிவிட்டார்கள். இவ்வளவுதான் பாடம். இதில் என்ன குற்றம்?

குற்றம் பாடத்தில் இல்லை, சொல்லில் இருந்தது. ஆபிரிக்கா என்ற பேரை அவள் வகுப்புத் தொடங்கும்போதே சொல்லி முடித்துவிட்டாள். பிறகு முழுக்க முழுக்கப் பெருநிலப்பரப்பு, தீவு, விடுதலை, இணைப்புத்தான். வன்னியில் பெருநிலப்பரப்பு என்றால் பால்குடிப் பிள்ளைக்கும் ஒரே ஒரு இடம்தான் தெரியும், அது வன்னிப் பெருநிலப்பரப்பு. இணைப்பு என்றால் வடக்கும் கிழக்கும். விடுதலை என்றால் சொல்லவே வேண்டாம். மூன்றையும் ஒரே மூச்சில், அதுவும் வீதிப் பக்கம் பார்த்துச் சொல்கிறவளை என்ன என்று சொல்வது? வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டவள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முன் வாங்கிலிருந்து யதுர்ஷிகா கையைத் தூக்கினாள். வகுப்பில் அவளுக்குப் பட்டப் பெயர் கேள்விப் பெட்டி. தாய் கடைசிச் சண்டையில் ஷெல் பட்டுச் செத்தவள். தகப்பன் இயக்கத்தில் இருந்து செத்தவர் என்று ஊருக்குத் தெரியும். சண்டை முடிந்து முகாமிலிருந்து வந்த பிறகு, தாயின் தமக்கை இரஞ்சிதம்தான் அவளை வளர்க்கிறாள்.

"ரீச்சர், சேர்க்க முதல் அந்தச் சனத்தைக் கேட்டவையோ?"

சிவரூபிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகத்தானே அவள் இந்தப் பாடத்தையே படிப்பிக்கிறாள்!

"இல்லையடி பிள்ளை. ரெண்டு பெரியாக்கள் இருந்து கையெழுத்துப் போட்டவை. சனத்தை வாக்குப் போடச் சொல்லி ஒருத்தரும் கேட்கேல்லை. ஏன் அவ்வளவு தூரம் போவான்? எங்கட அப்பப்பா மூக்கனை ஆராவது கேட்டவையோ? தோட்டத்தில பிறந்து தோட்டத்தில தேயிலை கிள்ளின மனுசன். வெள்ளைக்காரன் போனாப் பிறகு இந்த நாடு, நீ என்ர ஆள் இல்லை எண்டுது. மூத்த ஆக்கள் வந்த அந்த நாடு, நீ அங்கயே இரு எண்டுது. பிறகு ரெண்டு நாடும் இருந்து ஒப்பந்தம் எழுதிச்சினம். இத்தினை லட்சம் உனக்கு, இத்தினை லட்சம் எனக்கு. மாடு பங்கு பிரிக்கிற மாதிரி! மனுசன் எந்தப் பங்குக்கும் போகாமல் வன்னிக்கு ஓடிவந்து காடு வெட்டினவர்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். திரும்பும்போதுதான் கண்டாள். வீதிக்கு அந்தப் பக்கம், பாலை மரத்தின் கீழே ஒரு மோட்டார் சைக்கிள். அதன்மேல் ஒருத்தன். முகம் தெரியாத கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெற். மழையில்லை, ஒதுங்கி நிற்கிறான் என்று சொல்ல. பஸ் தரிப்பிடமும் இல்லை. கையில் போனும் இல்லை. ஹெல்மெற் நேரே வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரமாக நிற்கிறான்? எதிலிருந்து கேட்டான்? பெருநிலப்பரப்பிலிருந்தா, இணைப்பிலிருந்தா?

"எழுதுங்கோ," என்றாள். "ஆபிரிக்காவில். ஆபிரிக்காக் கண்டத்தில். கிழக்கு ஆபிரிக்காவில்."

"ரீச்சர், மூண்டு தரமும் எழுதுறதோ?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். வகுப்பு மறுபடி சிரித்தது. சிரிக்காத ஆள் அவள் ஒருத்திதான்.

அவளுக்குப் பயம் தன்னைப் பற்றி இல்லை. அவளுடைய பயத்துக்கு ஒரு பேர் இருந்தது, நிரோஜன். அவள் புருசன். இயக்கத்தில் இருந்து, சரணடைந்து, புனர்வாழ்வு முடித்து வந்தவன். இப்போது நெல்லு வெட்டுகிற மெசின் ஓட்டுகிறான். வந்த நாளிலிருந்து ஒரு எறும்புக்குக்கூடத் தீங்கு செய்ததில்லை. ஆனால் ஊரில் ஒரு கம்பத்தில் யாரோ ஒரு தாளை ஒட்டினாலும் அவனைத்தான் முதலில் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். போன கார்த்திகையில் கூப்பிட்டார்கள். போய் மூன்றாம் நாள்தான் வந்தான். என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்று இன்றைக்கு வரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் கதவுக்கு முதுகு காட்டியிருந்து சாப்பிடுவதில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டால் அந்த மனுசன் மனுசனாகத் திரும்பி வரமாட்டான். அது அவளுக்குத் தெரியும்.

வீட்டில் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் சைக்கிளை உருட்டினாள். படலையைத் திறந்த உடனேயே சொல்லிவிட்டாள். பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி போட யாரால் முடியும்?

நிரோஜன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றான்.

"ஹெல்மெற் கழட்டினவனோ?"

"இல்லை."

"ஏதும் எழுதினவனோ? படம் எடுத்தவனோ?"

"காணேல்லை."

"அப்ப ஆரோ பெட்டை பாக்க வந்த பொடியன். உம்மட வகுப்பில பெட்டையள் இல்லையோ?" என்று சிரித்தான். "நீர் ஒருத்தி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

அந்தச் சிரிப்பை நம்பி அவள் குசினிக்குள் போனாள். தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது அவன் அறைக் கதவுக்குப் பின்னால் குந்தியிருந்தான். அங்கே ஒரு பழைய துணிப் பை தொங்கும். ஒரு சாரம், ஒரு துவாய், பல்லு விளக்குகிற பிரஷ், பிரஷர் குளிசை. கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு போவதற்கு. அவன் அந்தப் பையைத் திறந்து, குளிசை போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளைக் கண்டதும், "பழசாப் போயிருக்கும் எண்டு பாத்தனான்," என்றான்.

அவள் கோப்பையை அவன் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் சோற்றைப் பிசைந்தார்களே தவிரச் சாப்பிடவில்லை.

அடுத்த வகுப்பில் அந்த ஹெல்மெற்காரன் நிற்கக்கூடாது என்று அவள் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்துகொண்டுதான் போனாள். அம்மனுக்கு அன்றைக்கு வேறு வேலை போலும். அதே பாலை மரம், அதே ஹெல்மெற். அன்றைக்கு அவள் பிரித்தானியாவின் கைத்தொழில் புரட்சியைப் படிப்பித்தாள். நீராவி இயந்திரத்தில் யாருக்கும் குற்றம் காண முடியாது அல்லவா? யதுர்ஷிகா கையைத் தூக்கியபோது காணாதவள் போல வேறு பக்கம் பார்த்தாள். பிள்ளை கொஞ்ச நேரம் கையைத் தூக்கியபடி இருந்துவிட்டு இறக்கினாள்.

வகுப்பு முடிந்ததும் ரியூட்டரி நடத்துகிற ஜனார்த்தனன் மாஸ்ரர் அவளைத் தன் மேசையடிக்குக் கூப்பிட்டார். மனுசன் முகம் நன்றாக இல்லை.

"ரீச்சர், உங்கட கதையில ஏதும் பிசகிச்சோ?"

"ஏன் மாஸ்ரர்?"

"உந்த மரத்தடியில நிக்கிறவன் என்னட்டை வந்தவன். வரலாறு ரீச்சர் எப்ப எப்ப வகுப்பு வைக்கிறவா எண்டு கேட்டவன்."

சிவரூபி வீதிப் பக்கம் பார்த்தாள். "வேற?"

"முன்னுக்கு இருந்து கேள்வி கேட்கிற பிள்ளை யதுர்ஷிகாவோ எண்டு கேட்டவன். நான் ஓம் எண்டுமில்லை, இல்லை எண்டுமில்லை. தலையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டனான்." மாஸ்ரர் குரலைத் தாழ்த்தினார். "தமிழன்தான். எங்கட கதைதான் கதைச்சான். அதுதான் எனக்கு இன்னும் பயம். ரீச்சர், ரியூட்டரியை மூடவைச்சிடாதேங்கோ. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டாள். அன்றைக்கு அவன் நின்றது யதுர்ஷிகா கேட்ட கேள்வி நேரம். பேர் விசாரித்ததும் அந்தப் பிள்ளையின் பேரை. அப்படியென்றால் சரி, 'சனத்தைக் கேட்டவையோ' என்ற அந்தக் கேள்விதான் பிடித்துக்கொண்டது. இயக்கக்காரனின் மகள் கேட்கிறாள், இயக்கத்தில் இருந்தவனின் பெண்சாதி பதில் சொல்கிறாள். பெருநிலப்பரப்பு, விடுதலை, இணைப்பு! இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு? நிரோஜனைக் கூப்பிட்டு, உன்ர மனுசிக்குச் சொல்லிக் குடுத்தது நீதானே என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? ஆபிரிக்கா என்று சொன்னால் சிரிப்பார்களே!

பயத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முதலில் யாரிடமிருந்து தப்பலாம் என்று யோசிக்கும். அது முடியாவிட்டால் யாரைப் பிடித்துக் கொடுத்துத் தப்பலாம் என்று யோசிக்கும். சிவரூபி நல்லவள்தான். நல்லவர்களுடைய பயத்துக்கும் அதே குணம்தான்.

மூன்றாவது வகுப்பன்று அவன் மரத்தடியில் நிற்கவில்லை. அவளுக்கு ஒரு நிமிசம் உயிர் வந்தது. கரும்பலகையில் திகதியை எழுதிவிட்டுத் திரும்பினாள். அவன் வீதியைக் கடந்து வந்துகொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளை அந்தப் பக்கம் விட்டுவிட்டு, ஹெல்மெற்றோடு நடந்து வந்து, அரைச் சுவரிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நின்றான். கையில் ஒரு பொலித்தீன் பை. பையில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விதி என்றால் இதுதான். அந்த நேரம் பார்த்து யதுர்ஷிகா எழுந்தே நின்றுவிட்டாள். போன வகுப்பில் கையைத் தூக்கியும் பார்க்காமல் விட்ட கோபம் பிள்ளைக்கு.

"ரீச்சர், அண்டைக்குப் படிப்பிச்ச பெருநிலப்பரப்பும் தீவும். கேட்காமல் சேர்த்தால் பிறகு பிரிஞ்சு போகலாமோ? எங்களையும் முந்தி வெள்ளைக்காரன் தன்ர வசதிக்குத்தானே—"

"பொத்தடி வாயை!"

சிவரூபிக்குத் தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. ஆனால் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் கூடாது. சுவருக்கு வெளியே நிற்கிறவனுக்கு ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அவனுக்குக் கத்தினாள்.

"ஆர் உனக்கு உந்தக் கதையெல்லாம் சொல்லித் தாறது? நான் சொல்லித் தந்தனானோ? சொல்லு! நான் ஆபிரிக்காவைப் படிப்பிச்சால் நீ என்ன கதைக்கிறாய்? உந்தக் கதைதான் உன்ர அப்பரைத் திண்டது. அந்தாள் செத்துப்போச்சு. செத்தும் எங்களுக்கு நிம்மதி இல்லை. விட்டிட்டுப் போனது உன்னைப்போல ஒரு கரைச்சலை. நீ எங்களையும் திண்டுபோட்டுத்தான் போவாய். எழும்பு! கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியில போ. இனி என்ர வகுப்புக்கு வராத. உனக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!"

யதுர்ஷிகா அழவில்லை. முகம்தான் வெளிறிப்போனது. கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாங்குகளுக்கு இடையால் நடந்தாள். வாசலைத் தாண்டினதும் கண்ணீர் வந்துவிட்டது போல, தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தேடினாள். அந்த மனுசனுக்கு முன்னாலேயே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் போனாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போது அவன் ஹெல்மெற்றைக் கழற்றினான். சிவரூபி அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் நினைத்திருந்த முகம் இல்லை அது. மயிர் நரைத்து, கன்னம் ஒட்டி, வருத்தக்காரன் மாதிரி இருந்தான். கையைக் கொஞ்சம் தூக்கினான். யதுர்ஷிகா சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஹெல்மெற்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வீதியைக் கடந்து, பிள்ளை போன திசைக்கு மற்றத் திசையில் போய்விட்டான். பொலித்தீன் பை சுவரடியிலேயே கிடந்தது. ஜனார்த்தனன் மாஸ்ரர் அதை ஒரு தடியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். உள்ளே ஒரு பெட்டி பிஸ்கட்டும், பெண்பிள்ளைகள் கட்டுகிற ஒரு மணிக்கூடும் இருந்தன.

"ஆரோ விட்டிட்டுப் போட்டான்," என்று மாஸ்ரர் அதை மேசைக்குள் வைத்தார்.

சொல்ல வெட்கம்தான், ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்றிரவு சிவரூபி நன்றாக நித்திரை கொண்டாள். அவன் கேட்டுவிட்டான், ரீச்சர் நாட்டுக்கு விசுவாசமானவள் என்று போய்ச் சொல்லுவான், நிரோஜனை விட்டுவிடுவார்கள். பிள்ளையிடம் பிறகு ஆறுதலாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைதானே, மறந்துவிடும்.

அடுத்த வகுப்புக்கு மரத்தடியிலும் ஆள் இல்லை, முன் வாங்கிலும் ஆள் இல்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் அப்படியே. அன்றைக்கு வகுப்பு முடியும்வரை வெளியே காத்துக்கொண்டு நின்றாள் இரஞ்சிதம். யதுர்ஷிகாவின் பெரியம்மா. தோட்டத்து மண் காலில் காயவில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று சிவரூபி நினைத்தாள். இரஞ்சிதம் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரீச்சர், அண்டைக்கு இதிலை நிண்டவரைப் பாத்தனீங்களோ?"

சிவரூபி சுற்றுமுற்றும் பார்த்தாள். "அக்கா, அதை இஞ்ச கதையாதேங்கோ. அவங்கள்—"

"அவங்களில்லை ரீச்சர். அது கிருசாந்தன். யதுவின்ர அப்பா."

"அவர் செத்தவரெல்லோ?"

"நான்தான் சாக்காட்டினனான்." இரஞ்சிதம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அழுகை விரலிடுக்கால் வந்தது. "பிள்ளை கைக்குழந்தையா இருக்கேக்கை பிடிச்சவங்கள். வழக்கெண்டுமில்லை, தீர்ப்பெண்டுமில்லை, அந்தச் சிறை இந்த மறியல் எண்டு எத்தினை வருசம். அப்பா மறியலில எண்டு தெரிஞ்சால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில என்னெண்டு பாப்பினம்? வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் ஆக்கள் வருவினம். பயத்தில சொன்னனான் ரீச்சர், செத்துப்போனார் எண்டு. ஊருக்கும் சொன்னனான், பிள்ளைக்கும் சொன்னனான். இந்த வருசம் விட்டிட்டாங்கள். விடுவாங்கள் எண்டு நான் கண்டனானோ?"

கிருசாந்தன் நெடுங்கேணியில் ஒரு சிநேகிதனின் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராச்சில் தங்கி வேலை செய்துகொண்டு, இரஞ்சிதத்தைத் தேடி வந்திருக்கிறான். வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னோட சேர்ந்து இருக்க விருப்பமோ எண்டு பிள்ளையை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ அக்கா, எண்டு கேட்டவர். ஓம் எண்டால் வாறன், இல்லையெண்டால் கரைச்சல் குடுக்க மாட்டன் எண்டவர். நான் கேட்கேல்லை ரீச்சர். சோதினை முடியட்டும் எண்டனான். அதுவரைக்கும் தூர நிண்டு பாருங்கோ, முகத்தைக் காட்டாதேங்கோ, ஹெல்மெற்றைக் கழட்டாதேங்கோ எண்டு நான்தான் சொன்னனான். அவள் கேள்வி கேட்கிற சத்தத்தைக் கேட்க எண்டே ஒவ்வொரு வகுப்புக்கும் வந்தவர். என்ன வடிவாக் கேட்கிறாள் அக்கா, ரீச்சரும் என்ன வடிவாச் சொல்லுறா எண்டு சொல்லிச் சொல்லி…"

சிவரூபி வாங்கில் இருந்துவிட்டாள்.

"அண்டைக்குப் பின்னேரம் வீட்டு வேலியடியில வந்து நிண்டார். 'அக்கா, நான் செத்துத்தான் போனனோ?' எண்டு கேட்டார். வேற ஒண்டும் கேட்கேல்லை. பிறகு, 'ரீச்சர் சொன்னது சரி, நான் கிட்ட வந்தால் அந்தக் கதை பிள்ளையையும் தின்னும்' எண்டிட்டுப் போட்டார். கராச்சிலயும் இல்லை. போனும் வேலை செய்யேல்லை. எங்க போய்க் கேட்கிறது, ஆரிட்டைக் கேட்கிறது? கேட்டால் ஏன் தேடுறாய் எண்டு எங்களைக் கேட்பாங்கள்."

"பிள்ளைக்குத் தெரியுமோ?"

"நான் சொல்ல மாட்டன். எனக்கு ஏலாது. சத்தம் போட்டது நீங்கள், நீங்களே வந்து சொல்லுங்கோ."

அன்று பின்னேரம் நிரோஜனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "எனக்காகத்தானே கத்தினீர்," என்றான். ஆறுதலாகச் சொன்னானோ, குற்றமாகச் சொன்னானோ தெரியவில்லை. பை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டே இருந்தது.

சொல்லாமல் விட்டால் என்ன என்றும் அவள் யோசித்தாள். யோசிக்காமல் இருப்பாளா? இப்போதைக்கு அந்தப் பிள்ளை தகப்பன் செத்த பிள்ளை. ஊர் பாவம் பார்க்கும். சொல்லிவிட்டால் மறியலிலிருந்து வந்தவனின் பிள்ளை. அந்த வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு பை தொங்கத் தொடங்கும். ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் நெஞ்சு அடிக்கப் பழக வேண்டும். தான் அனுபவிக்கிற நரகத்தைத் தன் கையாலேயே அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதா? ஆனால் கேட்காமல் முடிவெடுக்க இவள் யார்? சன்சிபாருக்காக அவ்வளவு கோபப்பட்டவள்!

மணிக்கூட்டுப் பையை மாஸ்ரரிடம் வாங்கிக்கொண்டு மறுநாள் போனாள். யதுர்ஷிகா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரீச்சரைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து சைக்கிளைப் பிடித்தாள். முகத்தில் கோபமே இல்லை. அது சிவரூபிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பிள்ளை, அண்டைக்கு நான்—"

"எனக்குத் தெரியும் ரீச்சர்," என்றாள் பிள்ளை தாழ்ந்த குரலில். "சுவரடியில நிண்டது சீஐடி. நீங்கள் என்னைக் காப்பாத்தத்தானே ஏசினனீங்கள்? அழுது முடிஞ்சாப் பிறகு எனக்கு விளங்கிட்டு. நான் அந்தாளின்ர முகத்தைக்கூடப் பாக்கேல்லை, பயத்தில." வேலியை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "இனி நான் கேள்வி ஒண்டும் கேட்கமாட்டன், ரீச்சர். என்னை மறுபடி சேர்ப்பீங்களோ?"

சிவரூபி பதில் சொல்ல வாயைத் திறந்தபோது ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. யதுர்ஷிகா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள வாங்கோ ரீச்சர், உள்ள வாங்கோ!" பிள்ளையின் கை குளிர்ந்து கிடந்தது. இந்தப் பயம் போன மாதம் இந்தப் பிள்ளையிடம் இருக்கவில்லை. இதைப் படிப்பித்தது யார்?

அவள் கையை உருவிக்கொண்டு படலைக்கு ஓடினாள். வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு மோட்டார் சைக்கிள் சத்தத்தை நோக்கி ஓடினாள். அவனாக இருக்க வேண்டும், அம்மாளாச்சி, அவனாக இருக்க வேண்டும். வந்தது மீன்காரன். பெட்டியைக் கட்டிக்கொண்டு, "சூடை, சூடை" என்று கத்திக்கொண்டு போய்விட்டான்.

திரும்பி வந்து, விறாந்தையில் பிள்ளையை இருத்தி, பக்கத்தில் தானும் இருந்து, சொன்னாள். நிற்காமல், ஒன்றையும் மறைக்காமல், அவன் கேட்டனுப்பிய கேள்வி வரைக்கும் சொன்னாள். உள்ளே குசினியில் இரஞ்சிதத்தின் சத்தமே இல்லை. மணிக்கூட்டை எடுத்துப் பிள்ளையின் மடியில் வைத்தாள்.

யதுர்ஷிகா மணிக்கூட்டைத் தொடவில்லை. பிறகு கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது மாதிரியே. தூக்கினதை உணர்ந்து உடனே இறக்கிக்கொண்டாள்.

"ரீச்சர்," என்றாள். "நீங்கள் கத்தினது முழுக்க அவருக்குக் கேட்டதோ?"

கேட்க வேண்டும் என்றுதானே கத்தினாள்.

"ஓம்," என்றாள் சிவரூபி. "கேட்டது, பிள்ளை."